ரெய்க்யவிக்கிலிருந்து நூக்

கீழ்வேளூர் சாலையோரம் காயப்போட்ட சம்பா நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருக்கிறாள் அருள்மேரி. வெயில் மஞ்சளாகிச் சாய்கிறது. வயலுக்கு அப்பால் அறுவடை இயந்திரத்தின் இரைச்சல் சட்டென்று நின்றுவிட, பக்கத்தில் குந்தியிருக்கும் மகன் ஆன்டோவின் மூச்சுகூடக் கேட்கிறது. அவன் கைப்பேசித் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கிலிருந்து கிரீன்லாந்தின் நூக் நகரத்துக்கு ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் என்கிறது திரை. நூக் மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குச் சேர மூத்த மகள் சான்ட்ரா அந்த விமானத்தில்தான் போகிறாள். இறங்கவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. திரையில், நீலக் கடலின் நடுவே, சின்ன மஞ்சள் விமானம் அசையாமல் நிற்கிறது.

"நம்மூர்லேர்ந்து பம்பாய் போற தூரம்தான்னு சொன்னியேடா. இன்னும் ஏன் போய்ச் சேரல?"

"அங்க சிக்னல் கெடைக்காதும்மா. அவ்வளவுதான்."

அருள்மேரியின் கால் நெல்லுக்குள் அப்படியே நின்றுவிடுகிறது. அப்போது கைப்பேசி அடிக்கிறது. சான்ட்ராவேதான்.

"அம்மா, நூக்ல பனிப்புயல். பாதி வழியிலயே திருப்பி, ரெய்க்யவிக்குக்கே கொண்டாந்துட்டாங்க."

"மாதாவே! நல்லதாப் போச்சு. இன்னைக்கு அங்கயே தங்கிடு."

"எங்கள எறக்கவே இல்லம்மா. புயல் கொஞ்சம் தணிஞ்சிருக்காம். எண்ணெய் ரொப்பிட்டாங்க, மறுபடி கெளம்புது."

"வேணாம்டி, எறங்கிடு!"

"கதவ மூடிட்டாங்கம்மா."

இணைப்பு அறுகிறது. அருள்மேரி மகனைப் பார்க்கிறாள்.

"மறுபடியும் மூணரை மணி நேரமா?"

ஆன்டோ தலையாட்டுகிறான். நூக்கில் புயல் மறுபடி வலுக்கும் என்று திரையில் வந்திருப்பதை அவன் சொல்லவில்லை. கைப்பேசியை நெல்லின் மேல் கவிழ்த்து வைக்கிறான்.