துண்டு சுற்றாத ஐஸ் பை

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஜெசிந்தா வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், அவள் கணவர் இருதயராஜ் ஐஸ் பையைத் துண்டில் சுற்ற மறந்து அப்படியே அவள் முழங்காலில் வைத்துவிட்டார். இருபது நிமிஷத்தில் எடுக்க வேண்டியது. அதற்குள் நண்பர் ஒருவர் போன் செய்தார். "சமையல், மாத்திரை, ஐஸ் ஒத்தடம் எல்லாம் நான்தான். நர்ஸ்கூட இப்படிப் பாக்கமாட்டா" என்று பால்கனியில் நின்று பெருமை பேசிக்கொண்டேயிருந்தார். உள்ளே வந்தபோது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. பையைத் தூக்கினார். தையலுக்குப் பக்கத்தில் தோல் வெளுத்து, ஓரமெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

"குடுக்கத்தான் நினைச்சேன். என்னை எப்படிப் பாத்துக்கறீங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டிருந்தீங்க. நடுவுல கூப்பிட மனசு வரல."

மாலையில் பிசியோதெரபி செய்ய வந்த பெண் முழங்காலைப் பார்த்துப் பதறிப்போனாள். உடனே டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

"துணி இல்லாம இப்படி வச்சது யாரு?"

இருதயராஜ் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா முந்திக்கொண்டாள். "நான்தான்மா, ஏதோ அவசரத்துல."

"படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று அந்தப் பெண் திட்டித் தீர்த்தாள். ஜெசிந்தா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் கையிலிருந்த துண்டை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

அந்தப் பெண்ணை வழியனுப்ப வாசல்வரை போனார். அவள் செருப்பை மாட்டி, வண்டியைக் கிளப்பினாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் ஓய்ந்த பிறகு, "நான்தான்மா வச்சேன்" என்றார்.