குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ

“படத்துக்குப் பேரு ‘நடவுப் பெண்கள்’. ஒரு பொண்ணைக்கூடக் காணோமே, எல்லாரும் ஆட்டோ ஏறிப் போயிட்டாங்களா?”

ஜனகராஜ் கேட்டதும் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். படத்தை வரைந்த தமிழ்வாணி மட்டும் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

பழங்காநத்தத்தில் புதிதாகக் கட்டிய வீட்டு ஹாலில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றுதான் ஜனகராஜ் தன் மனைவி வசுந்தராவோடு ஓவியக் கண்காட்சிக்கு வந்திருந்தார். அன்றுதான் கடைசி நாள். மற்றவர்கள் வரைந்த படங்களிலெல்லாம் விற்றுப்போனதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. இதில் மட்டும் இல்லை.

படம் என்னவோ அழகுதான். பரவைப் பக்கத்து வயல், தேங்கிய தண்ணீரில் சாயங்கால வெயில், தூரத்தில் நாகமலை. அம்புட்டையும் மறைத்துக்கொண்டு நட்ட நடுவில் ஒரு மஞ்சள் ஷேர் ஆட்டோ.

“நிசமாவே இந்த ஆட்டோ அங்க நின்னுச்சா?”

“ஆமா சார்.”

“நின்னா என்ன? கண்ணுல பட்டதையெல்லாம் வரையணும்னா போட்டோ எடுத்துட்டுப் போயிரலாமேம்மா. ஆட்டோவை அழிச்சிட்டு அந்த இடத்துல பொண்ணுங்களைப் போடு. முழங்கால் வரைக்கும் சேறு, நனைஞ்ச சேலை, அதான் தத்ரூபம். போட்டுக் குடு, இப்பவே அட்வான்ஸ் தாரேன்.”

“அது முடியாது சார்.”

“ஏன்?”

“முடியாது சார்.”

கூட வரையும் முகேஷ் அவள் காதருகே வந்தான். “போட்டுக் குடுத்துரு வாணி. ஒரு படமாவது வித்தாத்தான் இனிமே வரைய விடுவேன்னு உங்கப்பா சொல்லியிருக்காருல்ல?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

“இந்த வயசுல இம்புட்டுப் பிடிவாதம் ஆகாது,” என்று சொல்லிவிட்டு ஜனகராஜ் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

வசுந்தரா நகரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் கிட்டே குனிந்தாள்.

“ஆட்டோ கூரை மேல கிடக்கே, தார்ப்பாயாம்மா?”

“ஈரச் சேலைம்மா.”

வசுந்தரா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். “வண்டியை நகத்தச் சொல்லி டிரைவர்கிட்ட கேக்கலையா?”

“கேட்டேன். சண்டையே போட்டேன். ‘இன்ஜின் சூடாயிருச்சு பாப்பா, ஆறட்டும்’னுட்டு அந்த அண்ணே வண்டிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ரோட்டைப் பாத்து நின்னுட்டாரு.”

“ஆறுச்சா?”

“கொஞ்ச நேரத்துல. சாவியைத் திருப்புனதும் கிளம்பிருச்சு.” தமிழ்வாணி முதல் தடவையாகச் சிரித்தாள்.

வசுந்தராவும் சிரித்தாள். “சிவப்புப் பொட்டை ஒட்டிரு. இதை நாங்க எடுத்துக்கிறோம்.”

ஜனகராஜ் திடுக்கிட்டுத் திரும்பி வந்தார். “ஆட்டோவோடயா? வீட்டுக்கு வர்றவன் பூரா பொண்ணுங்க எங்கேன்னு கேப்பானே, என்ன பதில் சொல்ல?”

“வண்டிக்கு அந்தப் பக்கம் சேலை மாத்திக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லுங்க. நாம பாக்கக் கூடாதுன்னுதான் அந்த டிரைவர் வண்டியைக் குறுக்கே போட்டிருக்காரு. இந்தப் பிள்ளையும் படத்துல அதை நகத்தாம விட்டிருக்கு.”