போயிட்டு வரேன்

அரியமங்கலத்தில் அனுசுயா டீச்சர் வகுப்பில் வருகைப்பதிவு டேப்லெட்டில்தான். காலையில் "வந்துட்டேன் டீச்சர்", மாலையில் "போயிட்டு வரேன் டீச்சர்" என்று பிள்ளைகள் அவரவர் டேப்லெட்டில் குரல் பதிய வேண்டும்.

பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின நாள் தனுஜா அவசரத்தில், "போறேன் டீச்சர்" என்று பதிந்துவிட்டாள். டீச்சருக்குச் சுருக்கென்றது. "போறேன்னு சொல்லலாமா? அழிச்சிட்டு ஒழுங்காச் சொல்லு!" அவளும் சொன்னாள்.

மறுநாள் காவிரி அவளைக் கொண்டுபோய்விட்டது.

அவள் டேப்லெட்டை டீச்சர் சார்ஜ் போடாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பாடத்தின் நடுவே எழுந்துபோய்ப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார்.

இன்று காலை எல்லோரும் பதிந்து முடித்ததும் அலமாரிக்குள்ளிருந்து கேட்டது:

"வந்துட்டேன் டீச்சர்."

பிள்ளைகள் யாரும் திரும்பவில்லை. தனுஜாவின் பெஞ்சில் இருந்தவள் மட்டும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.