சரியான பதில்

"அப்பா, பேச்சுப் போட்டியில எனக்குத்தான் முதல் பரிசு!"

கனடாவின் ஸ்காபரோ நகர வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள் அட்சயா. குகநேசன் மகளை அணைத்துக்கொண்டார்.

"என்னத்தைப் பற்றிப் பேசினனி பிள்ளை?"

"அமெரிக்கச் சுதந்திரப் போரின்ரை முதல் சண்டை. பிரிட்டிஷ் ஆமி ஊருக்குள்ள வர, வயல் உழுற கமக்காரர் துவக்கோட பாலத்தடியில மறிச்சவை. சோ பிரேவ், அப்பா!"

"பிறகு?"

"அரசாங்கத்தின்ரை ஆமியைச் சுட்டது சரியோ எண்டு ஜட்ஜ் கேட்டவ. சொந்த ஊரைக் காப்பாத்தத்தானே சுட்டவை எண்டன். எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை!"

குகநேசன் அவள் தலையைத் தடவினார்.

"வாற வெள்ளி பரிசளிப்பு. நீங்கள் முன்வரிசையில இருக்கோணும்."

"ஓம்" என்றார். அறைக்குள் அவருடைய உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மனைவி, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை.

இளவயதில், இலங்கையில் தன் ஊருக்குள் வந்த இராணுவத்தை எதிர்த்துத் துவக்குத் தூக்கியவர் குகநேசன். அகதி விசாரணையில் அவரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். மகள் சொன்ன பதிலைத்தான் அவரும் சொன்னார்.

நாளைக் காலை அவரை நாடுகடத்துகிறார்கள்.