ஐந்தாவது பெட்டி

"இதுவும் வேண்டாம்ப்பா. வேற எடு."

மூன்றாவது டோஸ்டரையும் மாமியார் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

சேல்ஸ்மேன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "அம்மா, மூணும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கலர். நாலாவது மட்டும் வேற மாதிரியா இருக்கப் போகுது?"

"இருந்தாலும் இருக்கும். எடுப்பா."

பக்கத்தில் நின்ற மருமகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அது அவள் வேலை பார்க்கும் கம்பெனி டோஸ்டர்.

ஏழு வருஷமாக அங்கே சோதனை மேஜைகளில் ஒன்று அவளுடையது. தன் மேஜைக்கு வரும் ஒவ்வொரு டோஸ்டரிலும் இரண்டு ரொட்டித் துண்டு வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவக்கிறதா என்று பார்ப்பாள். ரொட்டி துள்ளி வரும் சத்தத்திலேயே ஸ்பிரிங்கின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். தேறினால் அடியில் தன் முத்திரை. தேறாவிட்டால் சிவப்புக் கூடை. சூப்பர்வைசர் முறைத்தாலும் கூடைதான்.

இதையெல்லாம் ஒரு நாள் சாப்பிடும்போது ஆசை ஆசையாக விளக்கினாள். மாமியார் கொட்டாவி விட்டார்.

மருமகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ரொட்டி கருக்கப் போறா" என்பார். அவளுடைய ஃபேக்டரி நீலக் கோட்டை நானேதான் துவைப்பேன் என்று பிடிவாதம். துவைக்கும்போதும் வாய் சும்மா இருக்காது. "பையில தச்ச நம்பர்கூட வெளுத்துப்போச்சு. இந்தத் தீஞ்ச வாடை மட்டும் போக மாட்டேங்குது!"

வீட்டில் அவள் சொட்டுகிற குழாயைக் காட்டினாலோ, கோணலாகத் தொங்கும் கரண்டியை நேராக மாட்டினாலோ போச்சு. "உன் சோதனையெல்லாம் ஃபேக்டரியோட வச்சுக்கோ!"

மற்றவர்கள் கேலி செய்தால் அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஆனால் அத்தை ஒரே ஒரு தரம், நீ பார்க்கிறதும் ஒரு வேலைதான் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஏழு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் வீட்டு டோஸ்டர் உயிரை விட்டது.

"எங்க ஃபேக்டரியிலயே எடுத்துக்கலாம் அத்தை. எனக்கு விலையும் குறைச்சுத் தருவாங்க."

"ஒண்ணும் வேண்டாம். கடையில நானே பார்த்து வாங்கிக்கறேன். பத்து வருஷம் உழைக்கணும்."

அன்றைக்கே அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இன்று கடைக்குள் நுழைந்ததும் மாமியார் நேராக அவள் கம்பெனி டோஸ்டர் முன்னால் போய் நின்றபோது மனசு கொஞ்சம் குளிர்ந்தது. குளிர்ந்து என்ன, ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டத்தான் போய் நின்றாரோ?

நாலாவது பெட்டியும் பிரிந்தது. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டோஸ்டரைக் கவிழ்த்தார். மருமகள் பார்க்கப் பிடிக்காமல் மின்விசிறியை வெறித்தாள்.

"விலை அட்டைப்பெட்டி மேல இருக்கும்மா."

"விலையை யாருப்பா கேட்டா? இதுவும் வேண்டாம்."

அவ்வளவுதான். மருமகளின் பொறுமை பறந்தது.

"போதும் அத்தை! பிடிக்கலைன்னா வேற கம்பெனி பாருங்க. இதுல அப்படி என்ன குறை கண்டீங்க? கைப்பிடி ஆடல. தூள் விழற தட்டு கச்சிதமா உட்காருது. வச்ச இடத்துல அசையாம நிக்குது. நான் வேலை பார்க்கற இடம்கறதுக்காகவா இப்படி?"

"மேடம் அந்தக் கம்பெனியா?" சேல்ஸ்மேன் வாயைப் பிளந்தான்.

மாமியார் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "குறைன்னு நான் சொன்னேனா? ஏம்ப்பா, நீ அடுத்ததை எடு."

"இதுதாம்மா கடைசிப் பெட்டி."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதையும் வேண்டாம் என்று சொல்லட்டும், நேராக வெளியே போய்விடலாம் என்று முடிவு கட்டினாள்.

மாமியார் ஐந்தாவதைக் கவிழ்த்தார். முந்தானையால் ஒரு துடை துடைத்தார். வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"இதேதான். பில் போடு!"

"அப்படி என்னம்மா இதுல மட்டும் விசேஷம்? எனக்கும் சொல்லுங்க, நாளைக்கு நாலு பேருக்குச் சொல்லி விற்கலாம்."

மாமியார் டோஸ்டரின் அடிப்பக்கத்தை அவன் பக்கம் திருப்பினார். வயர் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நீல முத்திரை. அதற்குள் ஓர் எண். இருபத்தேழு.

மருமகள் குனிந்து பார்த்தாள். அவள் முத்திரை. அவள் கோட்டுப் பையில் தைத்திருக்கிற, அத்தை கையாலேயே துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன அதே எண்.

"மத்த நாலும் யார் யாரோ பார்த்து அனுப்பினது. நல்லாவும் இருக்கலாம், யார் கண்டா? இது என் மருமக பார்த்தது." மாமியார் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "இதுக்குத்தான் கடைக்கு வந்தேன். ஃபேக்டரியில இப்படி ஒவ்வொண்ணா கவிழ்த்துப் பார்க்க விடுவாங்களா?"

"மருமக மேல அவ்வளவு நம்பிக்கையாம்மா?"

"பின்னே? வீட்ல என்னையே ஒரு கரண்டியைக் கோணலா மாட்ட விடமாட்டாப்பா. அங்க மட்டும் கோணலா ஒண்ணை வெளிய விட்டிருப்பாளா?"