பவளத்தின் சாட்சி

சாம்பாரில் உப்பு கூடிப்போன கோபத்தில், சமையல் இயந்திரமான பவளத்தை மாடிப்படியிலிருந்து எட்டி உதைத்துவிட்டார் தண்டபாணி. அதன் இடது கை ஒடிந்தது. தானாகத் தவறி விழுந்ததென்று சொல்லி, பாதுகாப்புத் திட்டத்தில் இலவசமாகச் சரிசெய்யக் கேட்டு மூன்று வாரமாக அதை விற்ற நிறுவனத்தோடு மல்லுக்கு நின்றார்.

கடைசியில் அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்தார். "நீங்க உடைச்சதுன்னா திட்டத்துல வராதுங்க சார். அதுகிட்டயே கேட்டுக்கறேன். அது சொல்றதுதான் முடிவு."

தண்டபாணி பவளத்தைக் கூப்பிட்டார்.

"நானாத்தான் விழுந்தனுங்க," என்றது பவளம்.

வேண்டாதவர்கள் கதவைத் தட்டினால் 'ஐயா ஊர்ல இல்லீங்க' என்று சொல்ல அதைப் பழக்கியவரே அவர்தான்.

அதிகாரி உடனே கையெழுத்துப் போட்டார். "நாளைக்கே புதுசு வந்துருமுங்க. தானா விழற மெஷினை நாங்க ரிப்பேர் பண்றதில்ல, நொறுக்கிருவோம்."

உண்மையைச் சொல்லிவிடத் தண்டபாணி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

வேனில் ஏற்றும்போது பவளம் திரும்பிப் பார்த்தது.

"சரியாச் சொன்னனுங்களா ஐயா? புதுசுகிட்ட உப்பைக் கொறச்சுப் போடச் சொல்லீருங்க."