ரஃபி சார் குடித்த சாயா

வீடுவீடாகப் போய் மக்களோடு பழகுவதுதான் மட்டாஞ்சேரியில் போலீஸ்காரர் ரஃபியின் டியூட்டி. பழகியும்விட்டார், ஒருவனைத் தவிர. தேனியிலிருந்து வந்த கொத்தனார் வீரபாண்டி. ஒரு மாதம் போய் உட்கார்ந்து சாயா குடித்துப் பேசிய வீட்டுக்கு அடுத்த மாதம் போனால், பூட்டுத் தொங்கும். இப்படியே இரண்டு வீடு காலி.

இவன் எதையோ மறைக்கிறான் என்று ரஃபிக்குப் பட்டது. அலைந்து விசாரித்து மூன்றாவது வீட்டைக் கண்டுபிடித்தார். இந்தத் தடவை ஜீப்பிலேயே போய் வாசலில் இறங்கினார்.

வீரபாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் மனைவி மகா சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"பயப்படண்டா வீரபாண்டி. உள்ளதைச் சொல்லு. யாருக்குப் பயந்து இப்படி வீடு மாத்தறே?"

அவன் சாயா டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான். மகாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"போலீஸ் வந்து போற ஆளுங்களுக்கு வீடு கிடையாதுன்னுட்டாங்க சார், ரெண்டு ஓனரும். நீங்க சாயா குடிச்சிட்டுப் போன மறுநாளே."

ரஃபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அவரிடம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"சாரே, இது என் வீடாக்கும். எந்தா கேஸு?"